அகலத் திரையும் என் வளையலும்

ஜூன் 9, திங்கள்
புதுக் கணினித் திரை மேசைமேல் ஏறிவிட்டது. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளம். லாரியின் பக்கவாட்டுப் பலகை முழுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று மாதக்கணக்கில் நச்சரித்து வாங்கியது. பழையதில் தலையைப் பார்த்தால் வால் தெரியாது.

முதலாளி தண்டாயுதபாணி அண்ணன், “உன்னைய நம்பித்தான் வாங்கியிருக்கறேன் சாமி” என்றார். அவர் மச்சான் தமிழரசு பழைய திரையின் கேபிளையே இதற்கும் மாட்டிவிட்டு, அட்டைப்பெட்டியைப் பரண்மேல் பத்திரப்படுத்தினார். எதற்கு என்று கேட்டேன். “நாளைக்குத் திருப்பி அனுப்பறதுன்னா வேணுமில்லீங்க?”

வாய்க்கொழுப்பு! இந்தக் காசுக்கு எங்கள் நாமக்கல் லாரிப் பட்டறையின் கேட்டில் கேமரா மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதுதான் விஷயம்.

போன வருடம் வரை நம் லாரிகளுக்கு ஸ்டிக்கர் டிசைன் சேலத்துக் கடையில்தான் போட்டார்கள். நான் பில் அடித்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டுப் பிடித்த நாற்காலி இது. விடுவேனா?

ஜூன் 10, செவ்வாய்
எழுத்தெல்லாம் கொஞ்சம் பருத்துத் தெரிகிறது. கண் இன்னும் பழகவில்லை போல.

ஜூன் 11, புதன்
சேலம் சகாயராஜ் அண்ணனின் புது லாரி. என் அம்மா வீட்டுச் சர்ச் பங்கைச் சேர்ந்தவர். பக்கவாட்டில் மாதா படமும் பிள்ளைகள் பெயரும் வேண்டுமாம். அவர் அனுப்பிய படத்தில் மாதா கன்னம் உப்பி, தலையைச் சுற்றிய ஒளிவட்டம் படுத்துக் கிடந்தது. வாட்ஸப்பில் வரும்போது இழுபட்டிருக்கும் என்று நினைத்து, வட்டம் உருண்டையாகும் வரை இரண்டு பக்கமும் அமுக்கினேன். எழுத்துகளையும் அமுக்கி, வெட்டும் மெஷினுக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 12, வியாழன்
மானம் போச்சு.

ஒட்டிப் பார்த்தால் மாதா பட்டினி கிடந்தவள் மாதிரி இருக்கிறாள். தலைக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு முட்டை. சகாயராஜ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “ஏம்மா அக்சிலியா, நாமக்கல்லுங்கறதுக்காக மாதாவுக்குமா முட்டை?”

பட்டறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரல. அழுகையும் வரல. கோவந்தான் வந்துச்சு.

தமிழரசு, “பெட்டிய எறக்கட்டுங்களா?” என்றார். முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார்: “சனிக்கிழம வரைக்கும் பாரு சாமி. சரியாகலீன்னா டிசைன் சேலத்துக்கே போகட்டும். நீ பழையபடி பில்லப் பாரு.”

பில்லா? நானா? மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி
காலையில் முதல் வேலையாக வெற்றுப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். கையால் இல்லை, என் வளையலின் அளவைக் கொடுத்துக் கணினியே போட்ட வட்டம். வளையலைக் கழற்றித் திரைமேல் வைத்தேன். மேலும் கீழும் சரியாகப் பொருந்தியது. இரண்டு பக்கமும் வட்டம் வெளியே வழிந்தது.

அப்படியானால் படம் ஒழுங்கு, திரைதான் பொய் சொல்கிறது!

செட்டிங்ஸைத் திறந்தேன். பழைய திரையின் அளவிலேயே நிற்கிறது. அந்தச் சின்னப் படத்தைத்தான் இந்த நீளத்துக்கும் இழுத்துப் போர்த்தியிருக்கிறது. பெரிய அளவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், அது அங்கே இல்லவே இல்லை. கூடவே வந்த கேபிளைத்தான் மாட்ட வேண்டும் என்று விளக்கத்தாளில் படம் போட்டிருந்தது. அந்தக் கேபிள் எங்கே? திருப்பி அனுப்பப் பத்திரப்படுத்திய பெட்டிக்குள்!

நாற்காலிமேல் ஏறி நானே பெட்டியை இறக்கினேன். தமிழரசு முகம் மலர்ந்து, “அனுப்பிறலாங்களா?” என்றார்.

“இல்லீங்க. நீங்க மாட்டாம உட்ட கேபிள எடுக்கறேன்.”

மாட்டினேன். பெரிய அளவு வந்தது. வளையல் வட்டத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. முதலாளியைக் கூப்பிட்டு அவர் கையிலேயே வளையலைக் கொடுத்து வைக்கச் சொன்னேன். கிரீஸ் கையோடு வைத்துப் பார்த்தார். “அட, இத்தன நாளா நம்ம கண்ணயே ஏமாத்தியிருக்குதா?” என்றார்.

ஜூன் 14, சனி
அடுத்த தொல்லை. டீ குடித்துவிட்டு வந்தால் திரை அணைந்திருக்கிறது. மவுஸை அசைத்ததும் திறந்து வைத்த விண்டோ எல்லாம் சுருங்கி, கூண்டுக் கோழிகளாக இடது மூலையில் ஒண்டிக் கிடக்கின்றன. இழுத்து இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மறுபடி அணைந்தது, மறுபடி மூலை. தமிழரசு பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும்.

செட்டிங்ஸில் இருந்த டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. சரி, தூங்கி எழுந்தால்தானே இந்தக் கூத்து? நான் இருக்கிற வரை இதற்குத் தூக்கமே கிடையாது என்று மாற்றிவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு டீ குடிக்கப் போனேன். வந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி.

லாரி முழுசாக என் முன்னால் நின்றது, தலையிலிருந்து வால் வரை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! மாதாவைப் புதிதாக வெட்டக் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்
சகாயராஜ் அண்ணன் ஒளிவட்டத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார். போகும்போது, “ரெண்டாவது வண்டியும் வருதும்மா” என்றார்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து, பெயின்ட் அடிக்கிறவர்களிடம் தரையில் விரிக்கக் கொடுத்துவிட்டேன். தமிழரசு பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஜூலை 4, வெள்ளி
வளையல் இப்போது திரைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அதை வைத்துப் பார்க்காமல் ஒரு ஸ்டிக்கரும் மெஷினுக்குப் போவதில்லை. முதலாளியின் உத்தரவு.

மத்தியானம் தமிழரசு வந்து மேசை ஓரமாக நின்றார். பிறகு, “ஊட்டுல புது டிவி வாங்குனமுங்க. எல்லாரும் குண்டாத் தெரியறாங்க. அந்த வளையலக் கொஞ்சம்…” என்றார்.

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருங்க. இங்க எனக்கு வேல இருக்குது.”