அம்மாவின் மாத்திரையில் பாதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கேயும் அப்படியே என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரி கைக்கு வரவில்லை. அம்மாவுக்குக் காசநோய் என்று போனில் சொன்னேன், மருந்து சாப்பிட்டால் குணமாகும் என்றும் சொன்னேன். நம் நாய் மேனேஜருக்கும் அதே நோய் என்பதை மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் விட்டேன்.

முதலில் எங்கள் கண்ணில் பட்டது அதன் இருமல்தான். நீ மழைக்கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த நாளிலிருந்து வீட்டில் யார் எப்போது வருகிறார், போகிறார் என்று வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த நாய், எழுந்து நிற்கவே யோசித்தது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்து டிபி என்றார். கண்ட நாயோட மூக்கை உரசிக்கிட்டு நின்னா வராம என்ன செய்யும் என்று அம்மா அதைத் திட்டினாள். டாக்டர் சிரிக்கவில்லை, நாய்க்கு இது பெரும்பாலும் மனுஷங்ககிட்ட இருந்துதான்மா வரும், வீட்ல யாருக்கு இருமல் என்று கேட்டார். அம்மா கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள். தூசி இருமல் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. என்னையும் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நாய்க்கு வைத்தியம் செய்வது நிச்சயமில்லாத காரியம், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவதே நல்லது என்றார் டாக்டர். அம்மா கேட்கவில்லை. பின்கட்டு அறையில் அதைத் தனியாக வைத்து, நான் முகமூடி போட்டுக்கொண்டு சாப்பாடு வைத்துவந்தேன். அம்மா தவறாமல் மாத்திரை எடுத்தாள், அட்டைகளும் கணக்காகக் காலியாயின, ஆனால் இருமலும் குறையவில்லை எடையும் ஏறவில்லை. நெஞ்சு டாக்டருக்கே புரியவில்லை. போன வாரம் அந்த அறையைக் கழுவப் போனேன், மேனேஜரின் சிறுநீர் செங்கல் நிறத்தில் இருந்தது. ரத்தம் என்று பதறி, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கால்நடை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது ரத்தம் இல்ல சார், டிபி மாத்திரை சாப்பிட்டா வர்ற நிறம், யார் குடுக்கறாங்க என்றார். யாரும் இல்லை என்று சொன்னேன், சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா மறைக்கவில்லை. பாதியைத் தான் விழுங்கி, பாதியை ரொட்டிக்குள் வைத்து அதற்கு ஊட்டியிருக்கிறாள். எங்கிட்ட இருந்துதானே வாங்கிச்சு, மருந்தை மட்டும் நான் ஒளிச்சு வெச்சுத் தின்னணுமா என்று கேட்டாள். இதற்கு நீ என்ன பதில் சொல்வாயோ தெரியவில்லை. நெஞ்சு டாக்டர் மேசையைத் தட்டிக் கத்தினார், பாதி மருந்து சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போய்விடுமாம், அப்புறம் கொடுப்பதெல்லாம் கடுமையான மருந்து, அதுவும் கேட்கும் என்று உறுதியில்லை. திரும்பவும் சளி எடுத்து அனுப்பியிருக்கிறார், முடிவு வரவில்லை. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் என் கண்ணெதிரே எல்லா மாத்திரையையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சற்று நேரத்தில் பின்கட்டில் பார்த்தேன், நாக்குக்கு அடியிலிருந்து இரண்டை எடுத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அது இருக்கும்வரை அவள் முழு மருந்து சாப்பிட மாட்டாள். எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன், நான் நினைப்பது தவறாக இருக்கக் கூடாதா என்றும் பார்த்தேன். நாளைக் காலை அந்த ஊசியைப் போடக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோகிறேன். அம்மாவிடம் சொன்னபோது, பாப்பாவைக் கேட்டீங்களா, அவ நாய் அது என்றாள். கேட்டேன், சரி என்றாள் என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து போய் அதைக் குளிப்பாட்டி, தலையைத் துவட்டிவிட்டாள்.

போனில் உன்னை உண்மையாகவே கேட்டிருக்கலாம். நீ வேண்டாம்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கை ஓடாது, அதனால் கடிதமாக எழுதுகிறேன். நீ கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். விடுமுறைக்கு வந்தபோது நீ அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாய், இருமல் இல்லாவிட்டாலும் இந்த வாரமே டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொள், தள்ளிப் போடாதே. உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாதிருக்க என் ஆசிகள். என்மேல் கோபம் இருந்தால் தனியாக எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. அம்மா கேட்டால் மட்டும், அப்பா கேட்டார், நான்தான் சரி என்றேன் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா