உன் பெயரில் எழுதிய தப்பு

இன்று காலை சர்வர் அறைக் கதவைத் திறந்தேன். ஏசியின் அதே ஈரத்துணி வாடை. "இந்த நாத்தத்துக்கே தனியா அலவன்ஸ் தரணும்டி" என்பாய். இந்தக் கம்பெனி உனக்கு என்ன தந்தது என்று நினைத்ததும் வாயெல்லாம் கசந்தது.

தங்கவயலிலிருந்து ரயில் பிடித்து பொம்மசந்திரா வந்து சேர்வதற்குள் நீ பாதி களைத்திருப்பாய். ஆனாலும் முதல் வேலை ஒக்கலிபுரம் கிடங்குக்கு போன் போடுவதுதான். "அண்ணா, நேத்து இன்னா சாப்ட்டீங்க, ஃபுல்லா சொல்லுங்க" என்று ஸ்டோர்ஸ்காரரைப் பேசவிட்டு, கண்ணை மூடிக் கேட்பாய். அவர் வீட்டுக் கறிக்குழம்பு திக்காமல் வந்து சேர்ந்தால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கிராஃபெல்லாம் அப்புறம்தான்.

கிடங்குக்கு நமக்கு இரண்டு லைன். ஒன்று ஃபைபர், மற்றது மொட்டைமாடி ஆன்டெனா, அது மந்தம். ஒரு போன் பேச்சோ ஒரு ஃபைலோ எந்த லைனில் ஏறியதோ, கடைசிவரை அதிலேயே போகும்படி வைத்திருந்தாய். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கிராஃபில் ஒரு லைன் படுத்துக் கிடக்கிறதாம். பேச்சும் ஃபைலும் துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுகளை இதில் ஒன்று, அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்பச் சொன்னார்.

"சார், ரெண்டும் ஒரே வேகமில்ல. பின்னாடி அனுப்பினது முன்னாடி போய் நிக்கும். வரிசை கலைஞ்சிடும்" என்றாய்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடும்மா, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ. ரெண்டும் சமமா தெரியணும், அவ்ளோதான்."

அவர் சொன்னபடியே மாற்றினாய். கிராஃப் அழகாகிவிட்டது. அதை மேலிடத்துக்கு அனுப்பிப் பாராட்டும் வாங்கினார். கிடங்கிலோ போனில் பேச்சு துண்டு துண்டாக விழுந்தது. வரிசை மாறி வந்ததையெல்லாம் தொலைந்ததாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர்கள் அனுப்பியதையே திரும்ப அனுப்பின. சரக்கு விவரம் போய்ச் சேராமல் லாரிகள் நின்றன. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நம்மைக் கைகழுவினார்.

விசாரணையில் யார் லாகினில் மாற்றியது என்று மட்டும் பார்த்தார்கள். "மாத்தினது நான்தான். மாத்தச் சொன்னது யாருன்னும் கேளுங்க" என்றாய். யாரும் கேட்கவில்லை. நான் எழுந்து சொன்னதும் எவர் காதிலும் ஏறவில்லை. வாய்வார்த்தையை நம்பிக் கை வைத்தாயே என்று உன்மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

உன்னை வேலையை விட்டு அனுப்பியதோடு விட்டார்களா? நீ வேலை கேட்ட இடங்களிலிருந்து விசாரித்தால், "நல்ல பொண்ணுதான், ஆனா..." என்று மேனேஜர் இழுப்பாராம். கடைசியில் ஜீவனஹள்ளி மொபைல் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாய். அங்கே இருக்கும்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது.

இன்று புதியவர்களுக்குப் பயிற்சி. ஏறிய லைனிலேயே கடைசிவரை போகும் உன் பழைய முறையில்தான் இப்போது எல்லாம் ஓடுகிறது. மேனேஜர் அதைத் தன் யோசனை என்றார். அதோடு ஒரு கதையும் சொன்னார். "முன்னாடி இங்க ஒரு பொண்ணு இருந்தா. யாரையும் கேக்காம மாத்திட்டா."

"மாத்தச் சொன்னது நீங்க சார்" என்றேன், எல்லார் முன்னாலும்.

அவர் கோபப்படவே இல்லை. "போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கும்மா?"

"ஆரம்பிச்சது நீங்க சார். அவ பேரையும் சொல்லிடுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்தார். உன் பிழைப்பையே கெடுத்த அந்த ஆளுக்கு உன் பெயர் ஞாபகமில்லை.

நான் சொன்னேன். இனிஷியலோடு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.