போர்வைக்கு அடியில்

இரும்புலியூர்
12.8.1991

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வெறும் போர்வையைக் காட்டிக் கத்துவதாகவும், சிலி நாட்டு நர்ஸுகளுக்கு ஒன்றும் புரியவில்லை என்றும் உங்கள் கப்பல் கேப்டன் எழுதியிருந்தார். ஆபரேஷன் என்னவென்று அத்தையிடம் நான் சொல்லவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் இருக்கிறார்; சிலியில் பேசுவதும் அவருடைய ஸ்பானிஷ்தானாம். அத்தையும் நானும் அவரிடம் போனோம். தலைக்கு கபேசா, முதுகுக்கு எஸ்பால்தா. வலிக்கிற இடத்தின் பெயரைச் சொன்னாலே போதுமாம். ஒவ்வொன்றையும் என் உடம்பில் தொட்டுக் கேட்டேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

"அவன் வலிய உன் மேல வெச்சுக் காட்டாதடி!"

பிறகு சுவரிலிருந்த படத்தைக் காட்டித்தான் கேட்டேன்.

அத்தை செருப்பு மாட்ட வெளியே போனதும், என் இடது முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இது இல்லாதவருக்கு இது வலிச்சா என்ன சொல்லணும், சிஸ்டர்?"

அவர் என் கையை விலக்கவில்லை.

"அதுக்கும் அதே பேருதாம்மா. பியெர்னா."

வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள். நானும் இங்கே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களவள்