நீ திரும்பிப் பார்க்காத பக்கம்

மில்டன் க்ரீக், நெப்ராஸ்கா
அக்டோபர், ஞாயிறு மதியம்

அன்புள்ள ரோலண்டுக்கு,

மைலோ எழுதுகிறேன். ஒமாஹா ஆஸ்பத்திரியில் உன் முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டதாக உன் அம்மா சர்ச்சில் சொன்னார்கள். வலி பரவாயில்லையா? போனில் கூப்பிடத் தைரியம் வரவில்லை. உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இங்கே சோள அறுவடை பாதி முடிந்தது. அப்பாவின் இயந்திரம் மறுபடியும் மக்கர் செய்கிறது. பள்ளியில் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சில்லி என்கிற பீன்ஸ் கறிக்குழம்பும் இனிப்பு ரோலும் போட்டார்கள். உன் பங்கையும் என் தட்டில் வைத்தார்கள். உன் பங்கைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஃபுட்பால் ஆட்டத்தில் நீ அடிபட்ட பிறகு பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். உனக்குக் காவல் நிற்பவன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார். உன்னைப்போல் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு குவாட்டர்பேக் ஜெயிக்க என்ன வேண்டும் என்று கேட்டார். தோள்பலம், உயரம், பதறாத மனசு என்று அளந்துவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது. ஆனால் உண்மை வேறு. உன்னைச் சாய்க்க எதிரணித் தடியன்கள் பாய்ந்து வரும்போது நீ அவர்களைப் பார்ப்பதே இல்லை. தூரத்தில் ஓடும் நம் ஆளை மட்டும்தான் பார்ப்பாய். எறிவதற்கு உடம்பைத் திருப்பினால் இடப்பக்கம் உன் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நான் நிற்கிறேன் என்று நம்பி நிற்பாய். உன் திறமையில் பாதி அந்த நம்பிக்கைதான்.

அன்றைக்குக் கடைசி எறிதலுக்கு முன் நீ என்னிடம், "நொண்டுறியேடா, கால் தாங்குமா? முடியலன்னா சொல்லு, வேற ஆள நிக்கச் சொல்றேன்" என்று கேட்டாய். கணுக்கால் வீங்கி ஷூவுக்குள் அடங்காமல் இருந்தது. உன்னைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்து ஆள் வந்திருந்தார். அவர் பார்வை என் மேலும் பட வேண்டும் என்று எனக்கு ஆசை. "நீ முன்னால பாரு, முதுகை நான் பாத்துக்கறேன்" என்றேன். முதல் அடி எடுத்து வைத்ததுமே என் கால் மடங்கியது. எதிராளி என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினான். அவன் உன் மேல் விழும்வரை நீ திரும்பவே இல்லை.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி கோச்சிடம், "பந்த எறியாம ரொம்ப நேரம் வச்சிருந்துட்டேன், என் தப்புதான்" என்றாய். உன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஊரே அதைத்தான் சொல்கிறது. காப்பிக் கடையில் லூமிர் பெரியவர் தினமும், "கை நல்ல கைதான்யா, பையன் எறியப் பயந்துட்டான்" என்கிறார். அதையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

போன திங்கள் கோச் அந்த ஆட்டத்தைத் திரையில் போட்டார். உன் முழங்கால் முறியும் இடம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். தப்பு உன்னுடையது இல்லை, வீங்கின காலை மறைத்து நின்ற என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கோச் கோபப்படவில்லை. "தெரியும்டா. ஆம்புலன்ஸ்ல போகும்போதே ரோலண்ட் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான், மைலோவ ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், ரோலண்ட்.

மறுநாள் காப்பிக் கடையிலும் சொன்னேன். பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தப் பையன நான் என்னென்ன பேசிட்டேன்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்து ஆளுக்கும் போன் செய்தேன். வருத்தம்தான், ஆனால் கால் குணமானால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். உனக்கு வர வேண்டியது வராமலே போகலாம். அதை நான் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது.

அடுத்த ஞாயிறு அப்பாவின் வண்டியில் ஒமாஹா வருகிறேன். என் முகத்தில் விழிக்க விருப்பமில்லை என்றால் உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. நீயே சொல். கெட்ட வார்த்தையில் திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் கால் நன்றாக மடங்க வேண்டும், நீ ஓட வேண்டும் என்று ராத்திரியும் பகலும் கர்த்தரிடம் கேட்கிறேன். என்னை மன்னிக்கும்படி அவரிடம் கேட்கவில்லை. அது உன்னிடம் கேட்க வேண்டியது.

உன்,
மைலோ