கருப்பும் சாம்பலும்

அன்பான கிளாடிஸ் டீச்சருக்கு,

பத்து நாளாக நான் உங்களோடு நடக்க வராததற்குக் கால்வலி காரணமில்லை. நாகேஸ்வரராவ் பூங்காவில் அன்று, கருப்புக் குருவியும் சாம்பல் குருவியும் வேறு வேறு ஜாதி என்று சொன்னேன். "ரெண்டும் குண்டுக்கரிச்சான்தாம்மா. கருப்பு ஆம்பள, சாம்பல் பொம்பள. அஞ்சாங்கிளாஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்று, அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய என்னிடம் நீங்கள் கேட்டதும் கூட நடந்த எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் பேத்தி ஜுவேரியா, "போன்ல பாத்து சொல்றேன் நானி" என்றாள். "போன் இன்னாத்துக்கு? எனக்குக் கண்ணு கீது" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வராத மாலை நேரமாகப் பார்த்து, தினமும் போய் உட்கார்ந்தேன்.

நேற்று பார்த்துவிட்டேன். சாம்பல் குருவி புழுவோடு மரப்பொந்துக்குள் போனது. அது வெளியே வந்ததும், விளக்குக் கம்பத்தில் வாலைத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்த கருப்பு, கீழே இறங்கி ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு அதே பொந்துக்குள் போனது. உள்ளே குஞ்சுகளின் சத்தம். அந்நியக் குருவியை எந்தத் தாயும் பிள்ளை வாயருகே விடாது டீச்சர்.

குருவி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டது சரியில்லை. இரண்டையும் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாளை காலை ஆறு மணிக்கு அந்த மரத்தடியில் இருப்பேன். குஞ்சுகள் பறந்துபோவதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நடைத்தோழி