தலையசைப்பு

ஜூன் 3

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இன்று கை வரவில்லை. நானும் உன் மருமகளும் இருக்கிறோம். அவ்வளவுதான்.

இன்று கோர்ட்டில் இருந்தேன். நீ என்னைப் பார்த்திருக்க மாட்டாய். செலவும் அலைச்சலும் மிச்சம் என்று புதுச் சட்டம் போட்டு, கைதிகளைக் கூட்டி வராமல் சுவரில் மாட்டிய திரையில் காட்டுகிறார்கள். தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "உன் அஜாக்கிரதையால்தான் உன் அக்கா கணவர் மெஷினில் சிக்கி இறந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறாயா?" என்று நீதிபதி கேட்டார். தலையை ஆட்டினாய். மறுபடி கேட்டார். மறுபடியும் ஆட்டினாய். எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பல் விளக்குகிற நேரம்கூட ஆகவில்லை.

இத்தனை நாளும் ஊர் வாயை அடைத்தவள் நான். "புருஷனைக் கொன்னவனுக்கே வக்காலத்து வாங்குறியே" என்று கேட்டு மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்போதும் நான் அசையவில்லை. ‘மெஷின் நின்னுடுச்சுன்னு நான் சொல்லவே இல்லக்கா’ என்று என் மகள் தலையில் கை வைத்துச் சொன்னாயே, அதை நம்பித்தான். இப்போது நீயே ஒப்புக்கொண்டாய். என்னிடம் ஏன் மறைத்தாய்? அதை மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டரிடம் ஓடினேன். "ஐயா, நான் என்னத்த ஒப்புக்கிட்டேன்?" என்றேன். சிரித்தார்.

அக்கா, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. போர்வை மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படம் வந்தது, சத்தம் வரவில்லை. சொன்னேன். "சும்மா உக்காரு, வரும்" என்றார் வார்டர். நீதிபதி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தலையை ஆட்டினேன்.

நீ எங்கள் பிரஸ் ஷாப்புக்குள் வந்ததில்லை. தகடு அழுத்துகிற மெஷின்கள் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. யாராவது கூப்பிட்டால் தலையை ஆட்டுவோம். சரி என்று அர்த்தமில்லை. ‘பாத்துட்டேன், கைவேலைய முடிச்சுட்டு வரேன், இரு’ என்று அர்த்தம். சரி என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். வருஷக்கணக்கில் ஊறிப்போன பழக்கம், தூக்கத்தில்கூட வரும். சத்தம் வரும்வரை இருங்கள் என்றுதான் நீதிபதியிடமும் ஆட்டினேன்.

எனக்காகக் கோர்ட் அமர்த்திய வக்கீலம்மா வந்திருந்தார். ஒப்புதலைத் திரும்பப் பெற மனு போடலாமாம். நான் சொன்னால் எடுபடாது, இறந்தவரின் மனைவியே வந்து சொன்னால் நீதிபதி காது கொடுப்பார் என்கிறார். இல்லாவிட்டால் வருஷங்கள் இங்கேயே கழியும். உன்னை விட்டால் எனக்கு நாதியில்லை அக்கா. திரையில் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று கடன் வாங்கிய சீப்பால் தலை வாரினேன், அந்தக் கூத்தை யாரிடம் சொல்ல!

உன் தம்பி


ஜூன் 14

என் அன்புத் தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். அப்புறம் சிரித்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாயே, சோறு ஆறிப்போனதென்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்! திமிர் என்று நினைத்தேன். இதுதானா சங்கதி?

நான் வந்து சொல்கிறேன். யார் என்ன பேசினாலும் சொல்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மாமா எப்போது வருவான் என்று உன் மருமகள் உயிரை வாங்குகிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் பிரியமுள்ள அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு நன்றாகத் தூங்கினேன். அத்தான் நினைப்புதான் விடாமல் வருகிறது. பேக்கிங் பிரிவிலிருந்து எங்களிடம் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தால் எங்கள் வேலையின் நெளிவு சுளிவெல்லாம் பிடிபட்டிருக்கும். கொடுத்துவைக்கவில்லை.

உன் தம்பி


ஜூலை 2

தம்பி,

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். கூண்டில் ஏறி நின்று, "என் தம்பி தலைய ஆட்டினா சரின்னு அர்த்தமில்லீங்க ஐயா, இருன்னு அர்த்தம்" என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். உன் ஒப்புதல் செல்லாது. இனி முறைப்படி விசாரிப்பார்கள்.

வெளியே படியில் மெஷினுக்கு எண்ணெய் போடுகிற பெரியவர் நின்றிருந்தார். அன்று பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி. உனக்கு எதிராகச் சொன்னாரென்று நான் கண்டபடி ஏசியிருக்கிறேன். இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் பொய் சொல்லலம்மா. தகடு சிக்கிக்கிச்சு. உன் வீட்டுக்காரரு ஸ்விட்சக் காட்டி, அணைச்சாச்சான்னு உன் தம்பியக் கேட்டாரு. அவன் தலைய ஆட்டினான். அதுக்கப்புறம்தான் அவரு உள்ள சாஞ்சாரு."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் சத்தியத்தில் பொய் இல்லை. மெஷின் நின்றுவிட்டதென்று நீ சொல்லவில்லை. இருங்க, வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறாய். தலையை ஆட்டியதே உனக்கு நினைவில்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் பேக்கிங்கில் இருந்தவர். அங்கே தலையாட்டினால் ‘சரி’ என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்த மனுஷன் உன்னை நம்பிச் சாய்ந்தார்.

‘என் கூடவே வச்சுக்கிறேன், நானே பழக்கி விடறேன், கவலப்படாதக்கா’ என்று பேக்கிங்கிலிருந்து அவரை உன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டவன் நீ.

கோர்ட்டில் சொன்னதை மாற்ற மாட்டேன். அது உண்மை. வக்கீலம்மா உன்னை எப்படியும் வெளியே கொண்டுவந்துவிடுவார், வா. வந்தால் எந்த வீட்டுக்கு வருவாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பார்க்க வருகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் போன். சத்தம் வராவிட்டால் வார்டரைக் கூப்பிடு, வரும்வரை காத்திருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். உங்கள் தலையாட்டலுக்கு என்ன அர்த்தமென்று அவருக்கு நீ சொல்லிக் கொடுத்தாயா?

வாயைத் திறந்து பதில் சொல். தலையை ஆட்டாதே.

அக்கா