வெள்ளத்துக்கு நடுவே காய்ந்த நாக்கு

அத்தை,

இன்று காலை கதவைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. முந்தாநாள் ஆறு ஏறி, நேற்று வடிந்தது. தெருவில் தங்கிய சேற்றின் மேல் மாநகராட்சி ஆட்கள் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி வந்தாலே எனக்குப் பள்ளிக்கூடச் சுவரோரம் சாய்ந்து கிடந்த நீங்கள்தான் நினைவுக்கு வருகிறீர்கள்.

தொண்ணூறுகளில் ஒரு ஜூலை மாதம். கோபியிலிருந்து எங்களோடு மராத்தி ஊரான இந்தச் சாங்விக்கு வந்து உங்களுக்கு அப்போதுதான் இந்த ஊர் பழகியிருந்தது. உங்கள் மகன், என் வீட்டுக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆகுர்டி ஃபாக்டரியில் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அணையைத் திறந்துவிட்டார்கள், மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஜீப்பில் மராத்தியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். நான் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் அழுதேன். நீங்கள் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் தயாராக நின்றீர்கள்.

“அழுவாத அம்மிணி. ஊடு எங்கயும் போயிராது. வா.”

முட்டிவலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த மேடு முழுக்க நடந்தீர்கள். பாலத்தை மூடிவிட்டதால் உங்கள் மகன் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார். நமக்கு ஒரு வகுப்பறை கிடைத்தது. டீ வந்தது, சப்பாத்தி வந்தது, கம்பளி வந்தது. இனிப் பயமில்லை என்று நான் நினைத்தேன். டீயை நீட்டினால், “எனக்கு வேண்டாம், அந்தப் பொடுசுக்குக் குடு” என்று பக்கத்துக் குழந்தையைக் காட்டினீர்கள். உங்கள் குணமே அதுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“கண்டக்டர் தம்பி, ஈரோட்டுக்கு ஒரு டிக்கெட் குடுங்க.”

விளையாடுகிறீர்கள் என்று சிரித்தேன். உங்கள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கண்களுக்கு என்னைத் தெரியவில்லை. அடுத்த நிமிடம் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் போட்ட கூச்சலில் முகாமுக்கு வந்திருந்த பெண் டாக்டர் ஓடி வந்தார். சின்ன வயசுதான். உங்கள் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். அது மரப்பட்டை போலக் காய்ந்திருந்தது.

“இவங்க கடைசியா எப்ப பாத்ரூம் போனாங்க?” என்று ஹிந்தியில் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன்; இங்கே வந்ததிலிருந்து நீங்கள் போனதாகவே நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். உள்ளே, தண்ணீர் இல்லாமல் ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தது.

ஆசிரியர் அறையின் ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பொழுது சாயும் நேரம் கண் திறந்து என்னை அடையாளம் கண்டீர்கள். பிறகு, குரலே எழும்பாமல் சொன்னீர்கள்.

“தண்ணி குடிச்சா அங்க போகோணுமல்ல. அது கொழந்தைங்களுக்குக் கட்டுனது அம்மிணி. உக்காந்தா எந்திரிக்க முடியாது. தாப்பாளும் இல்ல. அதான் குடிக்கல. அங்க இருக்கிற கெழவிங்க எல்லாருமே அப்பிடித்தான்.”

நான் வகுப்பறைக்குத் திரும்பி ஓடினேன். சுவரோரம் வரிசையாக வயதான பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் முன்னால் ஆடை படிந்து ஆறிப்போன டீ. ஒருவர்கூடத் தொடவில்லை. இவ்வளவு நேரமும் அந்த அறையில்தான் நானும் இருந்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவரே நின்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவை அறுக்க வைத்து, அடியில் வாளி வைத்து, சுற்றிப் புடவைகளைக் கட்டினார். அதன் பிறகுதான் அந்தப் பெண்கள் டம்ளரைக் கையில் எடுத்தார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் அதே பள்ளியில் கூட்டம் போட்டார்கள். படகு, மணல் மூட்டை, டார்ச் லைட் என்று பேச்சு ஓடியது. பெற்ற மகன் முன்னால்கூடக் கழிப்பறைப் பேச்சை எடுக்காத நீங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். காய்கறிக் கடையில் கற்ற ஹிந்தி.

“பைட்னே கோ ஜகா தியா. ஜானே கோ ஜகா நஹி தியா.”

உட்கார இடம் கொடுத்தீர்கள், போக இடம் கொடுக்கவில்லை. கூட்டம் திகைத்துப் போனது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையிலிருந்து ஒரு மராத்தி அம்மாள் மெல்ல எழுந்து, “பரோபர் ஆஹே” என்றார். சரிதான் என்று அவர் சொன்னதும் இன்னொருவர் எழுந்தார். பிறகு சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“மானம் போச்சு அம்மிணி.” கொஞ்ச தூரம் நடந்தபின், “போனாப் போகுது” என்றீர்கள்.

அந்த மழைக்குள் வகுப்பறையை ஒட்டியே, உயர இருக்கையும் கைப்பிடியும் தாழ்ப்பாளும் வைத்து இரண்டு கழிப்பறைகள் கட்டினார்கள். அவற்றைப் பயன்படுத்தவேண்டிய நிலை உங்களுக்கு வரவில்லை. நல்ல வெயில்நாள் ஒன்றில், உங்கள் கட்டிலிலேயே, தூக்கத்தில் போய்விட்டீர்கள்.

முந்தாநாள் ஆறு ஏறியபோது அதே பள்ளிக்கூடத்தில், ஐடி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் தன் அப்பாவிடம் தண்ணீர் பாட்டிலோடு மன்றாடிக்கொண்டிருந்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். முன்பின் தெரியாத பெண் ஆண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கும் நாக்கு கூசத்தான் செய்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஐயா, ஒண்ணுக்குப் போகணுமா? பக்கத்துலதான் இருக்கு. பிடிச்சுக்கக் கம்பி இருக்கு.”

அதிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, எழுப்பிவிடச் சொல்லி மகனிடம் கையை நீட்டினார்.

திரும்பி வந்ததும் தண்ணீரை அவரே கேட்டு வாங்கினார், அத்தை.